தலைப்பிரசவம் நார்மலா ஆகணுமா? எது நம்ம கையில இருக்கு, எது இல்ல

மாசமா இருக்கேன்னு வெளிய சொன்ன நாள்லேருந்தே ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, குனிஞ்சு வீடு கூட்டு, குத்த வச்சு பாத்திரம் தேய், ஒம்பதாம் மாசம் கஷாயம் குடி, சுகப்பிரசவம் தானா ஆயிடும்னு. கடைசில ஆபரேஷன் ஆயிட்டா 'நீ உடம்ப வளைக்கல' ன்னு பழியும் அந்தப் பொண்ணு தலையில தான் விழும். இதுல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு உண்டு. 2019-21 தேசிய குடும்பநல சர்வே கணக்குப்படி தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 45 கிட்ட சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரில மட்டும் எடுத்துக்கிட்டா 64 கிட்ட, அரசு ஆஸ்பத்திரில 36. நாடு முழுக்க சராசரி 21.5 தான். சிக்கலான கேஸெல்லாம் கடைசில பெரியாஸ்பத்திரிக்கு தான் ரெஃபர் ஆகுது, அப்பவும் இந்த வித்தியாசம். அதே ஊரு பொண்ணுங்க, அதே சாப்பாடு, ஆஸ்பத்திரி வாசப்படி மாறினா கணக்கு இவ்ளோ மாறுதுன்னா விஷயம் பாத்திரம் தேய்க்கறதுல இல்லைங்க.

அதனால என் கணக்கு இதான்: எந்த ஆஸ்பத்திரி, வலி வந்தப்புறம் எப்ப போய் அட்மிட் ஆகறது, உள்ள பக்கத்துல யாரு இருக்கா. இந்த மூணும் ஓரளவுக்கு நம்ம கையில இருக்கு. குழந்தை எப்படி திரும்பி இருக்கு, நச்சுக்கொடி எங்க ஒட்டியிருக்கு, வலிக்கு நடுவுல குழந்தையோட இதயத்துடிப்பு தாங்குமா, இதெல்லாம் நம்ம கையில சுத்தமா இல்ல. ரெண்டையும் போட்டு குழப்பிக்காம இருந்தாலே பாதி பயம் போயிடும்.

முதல்ல ஆஸ்பத்திரி, அதுவும் அம்மா வீட்டு ஊர்ல

நம்ம பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டுல. வளைகாப்பு முடிச்சு ஏழாம் மாசமோ ஒம்பதாம் மாசமோ கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுல இருக்கற சிக்கல யாரும் யோசிக்கறதில்ல, ஆறேழு மாசம் உங்கள பார்த்த டாக்டர் ஒருத்தர், பிரசவம் பார்க்கப் போறது உங்கள முன்னபின்ன தெரியாத இன்னொருத்தர். வளையல் போட்டுட்டு போய் இறங்கின அடுத்த வாரம் 'பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி நல்லாருக்கும்' ன்னு விசாரிச்சா லேட்டு. அஞ்சாம் மாசம் ஸ்கேன் முடிஞ்சதுமே ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போறப்ப அங்க ரெண்டு டாக்டர பார்த்துட்டு வாங்க, ஒருத்தர்கிட்ட ஃபைல் போட்டுட்டு வாங்க. வளைகாப்பு தேதிய ஜோசியர் குறிக்கறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிய நீங்க குறிச்சுடணும்.

டாக்டர்கிட்ட என்ன கேக்கறதுன்னு நிறைய பேருக்கு தயக்கம், கேட்டா கோச்சுக்குவாங்களோன்னு. 'மேடம், நார்மல் ட்ரை பண்ணுவீங்களா' ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் 'கண்டிப்பா ட்ரை பண்ணலாம்மா' ன்னு தான் சொல்லுவாங்க, அதுல ஒரு தகவலும் இல்ல. இப்படி கேளுங்க: உங்ககிட்ட வர்ற தலைப்பிரசவத்துல எத்தனை பேருக்கு நார்மல் ஆகுது? ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தா நீங்க வருவீங்களா, டியூட்டி டாக்டரா? வலில எந்திரிச்சு நடக்க விடுவீங்களா? கூட யார விடுவீங்க? தலைப்பிரசவம்னா எல்லாருக்கும் கிழிச்சு தையல் போடுவீங்களா, தேவைப்பட்டா மட்டுமா? எபிட்யூரல், அதாவது முதுகுல போடற வலி மரத்துப்போற ஊசி உண்டா, மயக்க டாக்டர் ராத்திரியும் கிடைப்பாரா? பேக்கேஜ்ல பேசினது நார்மலுக்கு, நடுவுல சிசேரியன் ஆனா எவ்ளோ? இதெல்லாம் கேட்டதுக்கு முகம் சுளிக்கற டாக்டர்னா, அதுவே ஒரு பதில் தான்.

அரசு ஆஸ்பத்திரிய கண்ண மூடிட்டு ஒதுக்காதீங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ஸ்டாஃப் நர்ஸுங்க பார்க்கற பிரசவம் எத்தனையோ, கை பழகினவங்க. சிக்கல்னா பெரிய இடம் இருக்கு, சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-லேருந்து இருக்கு. கூட்டம் இருக்கும், பெட்டு நெருக்கமா இருக்கும், சில நர்ஸம்மா வாய் கொஞ்சம் நீளமா இருக்கும், அதெல்லாம் உண்மை தான். ஆனா 24 மணி நேரமும் டாக்டர், ரத்தம், குழந்தைங்க வார்டு எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கறது சாதாரண விஷயம் இல்ல. எங்க பார்த்தாலும் பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்த அரசுல பதிவு பண்ணினா குடுக்கற நம்பர், மட்டும் மறக்காம வாங்கிடுங்க, பின்னாடி குழந்தைக்கு பர்த் சர்டிபிகேட் வாங்க அது வேணும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து பணத்துக்கும் அது தான்.

உடம்ப தயார் பண்றது

இத சுருக்கமா முடிச்சுடறேன், ஏன்னா மத்தவங்க எல்லாரும் இத தான் நீளமா சொல்றாங்க. டாக்டர் ரெஸ்ட் சொல்லாத வரைக்கும் தினம் அரை மணி நேரம் நடங்க. பட்டாம்பூச்சி மாதிரி கால மடக்கி உக்கார்ற பயிற்சி, சுவத்த புடிச்சுட்டு குத்த வைக்கறது நல்லது, இடுப்பு தளரும், மூச்சு பழகும். ஹீமோகுளோபின் 11-க்கு கீழ இருந்தா அத ஏத்தறது தான் உடம்புக்கு நீங்க பண்ற பெரிய உதவி, பிரசவத்துல ரத்தம் போறப்ப தெரியும் அதோட அருமை. 35 வாரத்துக்கு மேல பிறப்புறுப்போட கீழ்ப்பக்கம் எண்ணெய் விட்டு விரலால மெதுவா மசாஜ் பண்ணினா தலைப்பிரசவத்துல தையல் போடற வாய்ப்பு கொறையும்னு ஆராய்ச்சி சொல்லுது, நம்ம ஊர்ல யாரும் வாய் திறந்து பேச மாட்டாங்க, டாக்டர்கிட்ட கேட்டு பண்ணுங்க. உங்க ரத்தம் நெகட்டிவ் குரூப்னா 28 வாரத்துல ஆன்டி-டி ஊசி இருக்கான்னு கேளுங்க.

விளக்கெண்ணெய் வேணாம். வலி வரவைக்கும்னு குடுப்பாங்க, பேதி தான் நிச்சயமா வரும், பேதியாகி உடம்பு வத்திப் போயி லேபருக்குள்ள போறது யாருக்கு லாபம்.

கடைசி மாசத்து பயங்காட்டல்கள்

டியூ டேட்னு ஒண்ணு குடுத்திருப்பாங்க, கடைசி தீட்டு நாள்லேருந்து 280 நாள். சரியா அந்த தேதிக்குப் பொறக்கற குழந்தைங்க 100-ல நாலஞ்சு தான். 37 வாரத்துக்கு மேல எப்ப வேணா வரலாம், தலைச்சன் கொஞ்சம் தள்ளிப் போறது சகஜம். சொந்தக்காரங்க தினமும் போன் போட்டு 'இன்னும் ஆகலையா' ன்னு கேப்பாங்க பாருங்க, அதுக்கு என் யோசனை, டியூ டேட் வெளிய சொல்றப்பவே ஒரு பத்து நாள் தள்ளி சொல்லிடுங்க.

கொடி சுத்தியிருக்குன்னு ஸ்கேன்ல எழுதியிருந்தா உடனே அழ வேண்டியதில்ல, நாலஞ்சு குழந்தைல ஒண்ணு கழுத்துல கொடியோட தான் பொறக்குது, பெரும்பாலும் வெளிய வர்றப்ப சும்மா எடுத்து விட்டுடுவாங்க. அத மட்டுமே காரணமா சொல்லி ஆபரேஷன்னா, 'ஹார்ட் பீட்ல ஏதாவது மாற்றம் தெரியுதா டாக்டர்' ன்னு கேளுங்க. குழந்தைய சுத்தி பனிக்குடத் தண்ணி கம்மின்னு சொன்னா எவ்ளோ கம்மி, நம்பர் என்னன்னு கேளுங்க, 5-க்கு கீழன்னா டாக்டர் அத சீரியஸா எடுத்துக்கறதுல நியாயம் இருக்கு. குழந்தை தலைகீழா திரும்பாம இருந்தா, மாசம் முடியறப்ப அப்படி இருக்கறது 100-ல மூணு நாலு பேருக்கு, 36-37 வாரத்துல வெளியிலேருந்து கையாலயே திருப்பிப் பார்க்கற முறை ஒண்ணு இருக்கு, கிட்டத்தட்ட பாதி பேருக்கு திரும்பும், அது தெரிஞ்ச டாக்டர் இருக்காங்களான்னு விசாரிங்க. நச்சுக்கொடி கர்ப்பப்பை வாய அடைச்சுட்டு இருந்தா மட்டும் பேச்சே இல்ல, சிசேரியன் தான், அங்க நார்மல்னு அடம் பிடிச்சா உயிருக்கு ஆபத்து.

வலி ஊசி, ஜெல் வச்சு வலி வரவைக்கறது. இதுல ரெண்டு பக்கமும் மிகையா பேசறாங்க. 'ஜெல் வச்சாலே சிசேரியன் தான்' னு ஒரு கூட்டம். 2018-ல அமெரிக்கால தலைப்பிரசவக்காரங்க 6000 பேருக்கு மேல வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துது, 39 வாரத்துல வலி வரவச்சவங்கள்ல 18.6 சதவீதம் சிசேரியன், காத்திருந்தவங்கள்ல 22.2. அப்ப ஜெல் மேல தப்பு இல்ல, அவசரத்து மேல தான் தப்பு. கர்ப்பப்பை வாய் பழுக்கவே ஒரு நாள் புடிக்கலாம், வாய் திறக்கறதுக்காக வச்சு தொடையில டேப் போட்டு ஒட்டின பலூன் டியூபோட ராத்திரி முழுக்க வார்டுல நடந்துட்டு இருக்கற பொண்ணுங்கள பார்த்திருப்பீங்க. காலைல ஜெல் வச்சு சாயங்காலம் 'வலி புடிக்கலம்மா, ஃபெயில் ஆயிடுச்சு' ன்னா கொஞ்சம் நின்னு கேக்கலாம். குழந்தையும் நீங்களும் நல்லா இருக்கற வரைக்கும், பனிக்குடம் உடைச்சு வலி ஊசி டிரிப்ஸ் ஏத்தி குறைஞ்சது 12 மணி நேரமாவது பார்க்கணும்னு தான் மருத்துவ வழிகாட்டுதலே இருக்கு. 41 வாரம் முடிஞ்சும் வலி வரலைன்னா வலி வரவைக்கலாம்னு டாக்டர் சொன்னா ஒத்துக்கோங்க, அதுக்கு மேல காத்திருக்கறது நல்லதில்ல.

நல்ல நேரம் நட்சத்திரம் பார்த்து கத்தி வைக்கச் சொல்றவங்க வீட்டுல இந்த கட்டுரைக்கு வேலை இல்ல.

வலி வந்தா உடனே ஓடாதீங்க, ஆனா சிலதுக்கு ஓடியே ஆகணும்

இது தான் ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கறேன். தலைப்பிரசவத்துல ஆரம்ப வலி ஒரு நாள் கூட இழுக்கும், சிலருக்கு ஒண்ணரை நாள். வந்து வந்து போகும். அம்மா சீரகத் தண்ணி போட்டுக் குடுப்பாங்க, சூட்டு வலின்னா அடங்கிடும்னு. அதுல சீரகத்தோட பங்கு எவ்ளோன்னு தெரியாட்டியும் யோசனை சரி தான், தண்ணி குடிச்சு, வெந்நில குளிச்சு, ஒருக்களிச்சு படுத்தா அடங்கற வலி பொய் வலி. நிஜ வலி முதுகுல ஆரம்பிச்சு இடுப்ப சுத்தி முன்னாடி வரும், என்ன பண்ணாலும் நிக்காது, இடைவெளி குறைஞ்சுட்டே வரும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தா கிளம்புங்க. ஆஸ்பத்திரி தூரம்னா முன்னாடியே கிளம்புங்க, மழைக்காலத்துல கிராமத்து ரோட நம்பி இருக்க வேணாம். 108-க்கு போன் பண்ண தயங்காதீங்க.

ஏன் சீக்கிரம் போக வேணாம்னா, கர்ப்பப்பை வாய் ரெண்டு விரல் தான் திறந்திருக்குன்ற நேரத்துல அட்மிட் ஆனா அங்கேயே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். படுக்க வைப்பாங்க, மணிக்கணக்கா பார்ப்பாங்க, 'முன்னேற்றம் இல்ல' ன்னு எழுதுவாங்க. உலக சுகாதார நிறுவனம் 2018-லயே தெளிவா சொல்லிடுச்சு, வேகமான வலிக் கட்டம் 5 சென்டிமீட்டர்லேருந்து தான், அதுக்கு முன்னாடி மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கணும்னு எதிர்பார்க்கறதே தப்பு, 5-க்கு அப்புறமும் முதல் பிரசவத்துல 12 மணி நேரம் வரை ஆகலாம்னு. வீட்டுல இருக்கற நேரத்துல சாப்பிடுங்க, இட்லி, கஞ்சி, இளநீர், ஏதோ ஒண்ணு. தூங்க முடிஞ்சா தூங்குங்க, மொட்டமாடில நடக்கறேன்னு ஆரம்ப வலிலேயே எல்லா தெம்பையும் செலவு பண்ணிட்டா கடைசில முக்கறதுக்கு மிச்சம் இருக்காது.

ஆனா பனிக்குடம் உடைஞ்சா வலி இருந்தாலும் இல்லாட்டியும் போங்க, தண்ணி பச்சையா மஞ்சளா இருந்தா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காதீங்க. ரத்தமா போனா போங்க, கொழகொழன்னு கொஞ்சம் ரத்தக்கறையோட வர்றது வேற, அது வாய் திறக்கறதோட அடையாளம். குழந்தை அசைவு குறைஞ்சா, தலைவலியோட கண்ணு மங்கினா, முகம் வீங்கினா, காய்ச்சல் அடிச்சா, இதுக்கெல்லாம் சீரகத் தண்ணி போட்டுட்டு காத்திருக்காதீங்க.

உள்ள போனப்புறம்

கூட ஒரு ஆள் வேணும். இத எவ்ளோ அழுத்தி சொன்னாலும் பத்தாது. தொடர்ந்து பக்கத்துல ஒருத்தர் இருந்தா நார்மல் ஆகற வாய்ப்பு கூடுது, வலி நேரம் குறையுதுன்னு பல நாட்டு ஆராய்ச்சிலயும் திரும்பத் திரும்ப வந்திருக்கு. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிங்கள்ல பிரசவத் துணைன்னு ஒரு ஆள விடற ஏற்பாடு ரொம்ப வருஷமா இருக்கு, பெரும்பாலும் பொம்பளைங்கள தான் விடுவாங்க, கேட்டு வாங்கிக்கோங்க. யார கூட்டிட்டுப் போறதுன்னு யோசிங்க, பாசமான ஆளுங்கறத விட பதறாத ஆளா இருக்கணும். நீங்க கத்தினா உங்களுக்கு முன்னாடி அழற அம்மாவ விட, 'இந்த வலி போச்சு, அடுத்தது வர்றதுக்குள்ள ஒரு வாய் தண்ணி குடி' ன்னு இடுப்ப அழுத்திப் புடிச்சு விடற அத்தையோ அக்காவோ தேவலாம். அந்த அழுத்தற இடம் முதுகுக்கு கீழ, இடுப்பெலும்பு சேர்ற இடம், உள்ளங்கையோட அடிப்பக்கத்த வச்சு வலி ஏறும்போது நல்லா அழுத்தி, இறங்கும்போது விடணும். ரெண்டு மூணு தடவை முன்னாடியே வீட்டுல பண்ணிப் பார்த்துக்கோங்க.

மல்லாக்க படுத்தே இருக்காதீங்க. நடக்கலாம், கட்டில புடிச்சுட்டு முன்னாடி சாயலாம், நிமிர்ந்து இருக்கறவங்களுக்கு வாய் திறக்கற நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல குறையுதுன்னு கணக்கே இருக்கு. குழந்தை இதயத்துடிப்பு பார்க்க வயித்துல பெல்ட்டு கட்டியிருந்தா 'சிஸ்டர், உக்காந்துட்டே பார்க்கலாமா' ன்னு கேளுங்க. எல்லாருக்கும் எனிமா, ஷேவிங்னு பழைய வழக்கம் இன்னும் பல இடத்துல இருக்கு, உலக சுகாதார நிறுவனம் அது தேவையில்லன்னு சொல்லி வருஷமாச்சு. அதுக்காக அங்க நின்னு சண்டை போடுவேன்னு இருக்காதீங்க. வயித்து மேல ஏறி அமுக்கறது மட்டும் அப்படி இல்ல, அத வேணாம்னு துணைக்கு வந்தவங்க தைரியமா சொல்லணும், அதுல பலன விட கெடுதல் தான்.

வலி தாங்கலைன்னு எபிட்யூரல் கேக்கறதுல என்ன கேவலம்? அது போட்டா சிசேரியன் ஆயிடும்ங்கறது பழைய பயம், முக்கற நேரம் கொஞ்சம் நீளலாம், ஆயுதம் போட வேண்டி வரலாம், அவ்ளோ தான். வலிய முழுசா தாங்கினவங்களுக்கு யாரும் மெடல் குத்தறதில்ல. நம்ம ஊர்ல பிரச்சினை வேற, பாதி ஆஸ்பத்திரில அது கிடைக்காது.

முழுசா திறந்தப்புறம் முக்கற கட்டம் முதல் பிரசவத்துல ரெண்டு மூணு மணி நேரம் கூட போகலாம். மூச்ச அடக்கிட்டு முக்கு முக்குன்னு கத்துவாங்க, உங்களுக்கு முக்கணும்னு உந்துதல் வர்றப்ப முக்கறது தான் வேலைக்காகும். மலமும் கூட வந்துரும், வெக்கப்படாதீங்க, அங்க இருக்கற எல்லாரும் தினம் பார்க்கறது தான், அது வந்தா சரியான இடத்துல முக்கறீங்கன்னு அர்த்தம்.

குழந்தை வந்ததும் கொடிய வெட்ட ஒரு நிமிஷமாவது பொறுக்கச் சொல்லுங்க, குழந்தைக்கு இரும்புச்சத்து சேரும். நெஞ்சு மேல போடச் சொல்லுங்க, முதல் மணி நேரத்துல சீம்பால். சேனை வைக்கறேன்னு பாட்டி தேனோட நின்னாங்கன்னா வாசல்லயே நிறுத்திடுங்க, ஒரு வயசு வரைக்கும் தேன் கூடாது. அதே நேரம் குழந்தை வந்த உடனே உங்களுக்கு தொடையில போடற ஒரு ஊசி இருக்கு, 'எல்லாம் இயற்கையா இருக்கணும்' னு அத வேணாங்கறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு போட்டுக்கோங்க. நச்சுக்கொடி வந்தப்புறம் ரத்தம் கொட்டாம இருக்க அது தான். 2018-ல திருப்பூர்ல ஒரு டீச்சர் வீட்டுலயே வீடியோ பார்த்து பிரசவம் பார்த்தப்ப, குழந்தை நல்லபடியா பொறந்தும் ரத்தப்போக்குல அவங்க இறந்து போனாங்க. வலி வரைக்கும் எல்லாம் சரியா போற உடம்பு கூட அந்த கடைசி அரை மணில கவுத்துடும், அதனால வீட்டுப் பிரசவம்னு யார் ஆசை காட்டினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

நடுவுல ஆபரேஷன்னு சொன்னா

நிஜ காரணங்கள் இருக்கு. துடிப்பு இறங்கிட்டே போறது, குழந்தைக்கு முன்னாடி தொப்புள்கொடி வந்துடறது, நச்சுக்கொடி முன்கூட்டியே பிரியறது, வாய் முழுசா திறந்தும் தலை இறங்காம நிக்கறது. அந்த நேரத்துல கேக்க ஒரே கேள்வி போதும், 'இது இப்பவே பண்ணணுமா, இல்ல ரெண்டு மணி நேரம் பார்க்கலாமா?' இப்பவேன்னா கையெழுத்து போட்டுடுங்க, வாதாடற நேரம் அது இல்ல. பார்க்கலாம்னா பாருங்க. இத கணவர்கிட்டயும் மாமியார்கிட்டயும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, வெளிய கையெழுத்து கேட்டு பேப்பரோட வர்றப்ப நீங்க உள்ள வலில இருப்பீங்க. முதுகுல ஊசி போட்டு பண்ற சிசேரியன்ல நீங்க முழிச்சுட்டு தான் இருப்பீங்க, அங்கேயே குழந்தைய கன்னத்தோட வச்சுக் காட்டச் சொல்லலாம், சீக்கிரமே பால் குடுக்கலாம். அடுத்ததும் ஆபரேஷன் தான்னு விதி கிடையாது, தகுந்த ஆளுங்க சரியான இடத்துல முயற்சி பண்ணினா 100-ல 60-லேருந்து 80 பேருக்கு அடுத்தது நார்மல் ஆகுது, ஆனா குறைஞ்சது ஒண்ணரை ரெண்டு வருஷம் இடைவெளி விடணும்.

வீட்டுக்கு வந்தப்புறம்

நார்மல் ஆனா மறுநாளே எந்திரிச்சு வேலை பார்க்கலாம்னு ஒரு புரளி இருக்கு. தையல் போட்ட இடத்துல உக்காரவே முடியாது, முதல் தடவை ஒண்ணுக்குப் போறப்ப எரியும், வெதுவெதுன்னு தண்ணி ஊத்திட்டே போனா கொஞ்சம் தேவலாம், ஆறு மணி நேரத்துக்குள்ள போகலைன்னா நர்ஸ்கிட்ட சொல்லுங்க. மலச்சிக்கல் ஆகாம பழமும் கீரையும் தண்ணியும் எடுத்துக்கோங்க, பிள்ளை பெத்தவ தண்ணி குடிக்கக் கூடாதுன்னு சொன்னா காதுல வாங்காதீங்க. பிரசவத்துக்கப்புறம் ரத்தமா போற அழுக்கு நாலு வாரம், ஆறு வாரம் கூட போகும், வரவர வெளுத்து குறையணும். ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுசா நனைஞ்சாலோ, பெரிய கட்டியா விழுந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ, குளிர்காய்ச்சல் வந்தாலோ, கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சாலோ பச்ச உடம்புக்காரி வெளிய போகக் கூடாதுன்னு தடுக்க விடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போங்க.